செவலைக்குக் கட்டிய வாய்க்கூடு

எங்கள் செவலை நாய் எலும்பைத் தொடாது. இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் பிறந்த வீடு சைவ வீடு. முட்டைகூட வாசல் தாண்டி உள்ளே வந்ததில்லை. அந்த வீட்டில் வளர்கிற நாய்க்கு மட்டும் கவுச்சி எப்படிப் பழகும்? மோர் விட்டுக் குழைத்த சோறு, பருப்புத் தண்ணீர், நல்ல நாளில் ஒரு கட்டி வெல்லம். அதுதான் அதன் சாப்பாடு.

குட்டியாக இருக்கும்போது ஒரு தடவை தெருவிலிருந்து ஆட்டெலும்பு ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. வாசல்படியில் படுத்து, முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டு கரகரவென்று கடித்தது. நான் ஓடிப்போய் மூக்கின்மேல் ஒரு அடி போட்டேன். விளக்குமாற்றால் எலும்பைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, அதன் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மூன்று நான்கு தடவை இப்படி நடந்தது. அப்புறம் எலும்பைக் கண்டால் முகர்ந்து பார்க்கும், திரும்பி என் முகத்தைப் பார்க்கும், பேசாமல் வந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் சோதித்துப் பார்ப்பதற்கென்றே எலும்பைக் கொண்டுவந்து போடுவார். அது தொடாது.

"ஏத்தா, உங்க நாய்க்குத் திருநீறு மட்டுந்தான் இன்னும் பூசல" என்பார்.

நானும் சிரிப்பேன். அது நான் பழக்கிய பழக்கம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமை என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவேன்.

பதினாறு வயதில் என்னை டி. கல்லுப்பட்டிக்குக் கிழக்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அதுவும் சைவ வீடுதான். மறுவீடு முடிந்து கூண்டு வண்டியில் புறப்பட்டோம். செவலை பின்னாலேயே வந்தது. மேலூர் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிடும் என்று நினைத்தோம். மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்து விரட்டிப் பார்த்தார்கள். தள்ளி நிற்கும், வண்டி நகர்ந்தால் மறுபடி வரும். மதுரையில் தங்கி மறுநாள் பசுமலையைத் தாண்டும்போது பார்த்தால் நொண்டிக்கொண்டே வருகிறது. என் வீட்டுக்காரர் அதுவரை என்னோடு நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அதைத் தூக்கி வைக்கோல்மேல் போட்டார். "உங்க வீட்டுச் சீரு ஒண்ணு வழியில விழுந்து கெடக்கு" என்றார்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார், நாய் குதித்து இறங்கியதைப் பார்த்தார்.

"பொண்ணோட நாயுமா? என்னத்தத் திங்கும் இது?"

"நாம திங்கிறதத்தான் திங்கும் அத்தே. கவுச்சி தொடாது" என்றேன். புதுப்பெண் வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சே அதுதான்.

"பாப்போம்" என்றார்.

அந்த வீட்டில் நாங்கள் மூன்றே பேர். மாமனார் முன்னமே போய்விட்டார். ஒரு சோடிக் காளை, ஒரு பசு, அதன் கன்று, இந்தச் செவலை. ஆறு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. எனக்குக் குழந்தை தங்கவில்லை. அத்தை அதைச் சொல்லிக் காட்டியவர் இல்லை. ஆனாலும் என் பிறந்த வீட்டைப் பற்றி யார் எது சொன்னாலும், அதற்குள் வேறொரு பேச்சு இருப்பதாக எனக்குத் தோன்றும். உடனே முகம் சிவந்துவிடும். செவலை எலும்பு தொடாமல் இருந்ததை அத்தையே பார்த்தார். ஆனால் பார்த்ததாக ஒரு நாளும் வாயால் சொல்லவில்லை.

விடிந்தால் வேப்பங்குச்சி ஒடிக்காமல் எங்கள் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். மாட்டுக்குக்கூட நாக்கை இழுத்துப் பிடித்து உப்பும் மஞ்சளும் தேய்த்துவிடுவார் என் வீட்டுக்காரர். நாயின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தோம்? குரைத்தால் சரி, வாலை ஆட்டினால் சரி.

ஆறாம் வருஷம் அது தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாப்பிட ஆரம்பித்தது. வாய்க்குள் போன சோறு பாதி கீழே விழும். வயதாகிறது, செல்லம் கொஞ்சுகிறது என்று நினைத்தேன். சோற்றை இன்னும் குழைய வேகவைத்தேன். கையால் கூழாகப் பிசைந்து, வெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன். அது நக்கி நக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். கடிக்கிற வேலையே அதற்கு இல்லாமல் செய்தேன். கிட்டே வந்தால் லேசாக ஒரு நாற்றம் அடித்தது. நாய் என்றால் நாறாமல் இருக்குமா என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் மாசியில் எங்கள் பக்கம் வெக்கை வந்தது. மாட்டுக்கு வருகிற கொள்ளைநோய் அது. வாயில் புண் வந்து, எச்சில் ஒழுகி, கழிச்சலில் நாலைந்து நாளில் மாடு போய்விடும். தொழுவம் தொழுவமாகக் காலியாயிற்று. புதைக்க ஆள் போதாமல் ஊருக்குத் தெற்கே ஓடைக்கரையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தப் பக்கமிருந்து காற்று அடித்தால் சோற்றில் கை வைக்க முடியாது. ஊர் நாயெல்லாம் அங்கேதான் கிடந்தன. வயிறு பெருத்துப்போய்ப் பகலில் தெருவில் வந்து படுத்துக்கொள்ளும்.

எங்கள் வண்டியில் இடப்பக்கம் பூட்டுகிற காளையும் போய், அந்த ஓடைக்கரைக்கே சேர்ந்தது. அத்தை தன் கையால் தவிடு வைத்து வளர்த்த காளை அது. அத்தை இரண்டு நாள் உலை வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளிக்கப் போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"ஆத்தாடி! இங்கிட்டு வந்து பாரு, ஒன் சைவ நாயி லட்சணத்த!"

நான் ஓடினேன். செவலை படியோரம் படுத்திருந்தது. கீழுதட்டில் ரத்தம். முன்னங்காலில் துடைத்துக்கொண்ட ரத்தமும் இருந்தது. குனிந்தால் வாயிலிருந்து அழுகிய நாற்றம். ஓடைக்கரை நாற்றமேதான்.

"நம்ம மாட்டையே தின்னுட்டு வந்திருக்கு. என் வீட்டு லச்சுமிய! ஆறு வருசமா ஊருக்குள்ள என்னா பேச்சுப் பேசுன? கவுச்சி தொடாதாம்! ஒங்க ஊருல இதுதான் சைவமா?"

என் வீட்டுக்காரர் தொழுவத்திலிருந்து வந்தார். "விடும்மா. நாயின்னா திங்கத்தான் செய்யும். ஊரு நாயி எல்லாந்தான் திங்கிது."

"ஊரு நாயி எதையும் திங்கட்டும்டா. இது என் வீட்டு நாயி."

அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். நாய்தானே, தின்றால் என்ன என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை. ஒங்க ஊருல என்ற அந்த வார்த்தைதான் எனக்குள் கிடந்து கொதித்தது. எங்கள் அப்பாவின் முகமும் அந்த எதிர்வீட்டுக்காரரின் சிரிப்பும் கண்முன்னே வந்தன. எனக்கே செவலைமேல் ஆத்திரம் வந்தது. ஆறு வருஷம் கட்டிக் காத்த பெயரை ஒரு ராத்திரியில் தின்றுவிட்டு வந்துவிட்டதே என்று.

"இனி திங்காது அத்தே. நானே பாத்துக்கிறேன்" என்றேன்.

கன்றுக்குட்டி மண் தின்னாமல் இருக்க வாய்க்கூடு போடுவோம். தென்னங்கயிற்றில் வலைபோல முடைந்தது, மூக்கையும் வாயையும் மூடிக் காதுக்குப் பின்னால் கட்டுவது. அது ஒன்று தொழுவத்துச் சுவரில் தொங்கியது. எடுத்து வந்து செவலைக்கு மாட்டினேன். கன்றின் வாய்க்குச் செய்தது, நாய்க்கு மூக்கின் ஓரமெல்லாம் இடித்தது. நான் இழுத்து முடிச்சுப் போட்டேன். தூணில் சங்கிலியும் போட்டேன். அத்தை பார்க்கட்டும் என்று, அத்தையின் கண்ணெதிரேதான் எல்லாம் செய்தேன்.

காலை ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை நானே அவிழ்ப்பேன். பக்கத்தில் நின்று கூழை வைப்பேன். நக்குகிறவரை நின்றுவிட்டு மறுபடி கட்டுவேன். மூன்று நாளில் நக்குவதையும் குறைத்துவிட்டது. வட்டிலுக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். எச்சில் நூல் நூலாக வட்டிலுக்குள் இறங்கும்.

"ருசி கண்ட வாயி. இனிமே ஒன் கூழு அதுக்கு எறங்குமா?" என்றார் அத்தை.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பட்டினி கிடந்தால் வழிக்கு வரும் என்று இரண்டு நாள் வட்டிலை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் காட்டினேன்.

ஒரு வாரம் போயிற்று. நாற்றம் போகவில்லை, கூடிக்கொண்டு வந்தது. ராத்திரியும் பகலும் கட்டிக் கிடக்கிற நாய், வாயில் கூடு வேறு. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இந்த வாய் எங்கே போய் எதைத் தின்றிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அத்தை வேறு விதமாக யோசித்தார்.

"நாத்தம் கொறையலையே. ஆளு இல்லாத நேரத்துல அவுத்து விடுறியாக்கும்?"

"எங்கப்பா மேல சத்தியமா அவுக்கல அத்தே."

"அப்ப நாத்தம் எங்கேருந்து வருது? ஒங்கப்பா வீட்டுலேருந்தா?"

அன்றைக்கு முடிச்சை இன்னும் இறுக்கினேன். செவலை முன்னங்காலால் கூட்டைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். பிறாண்டும்போதெல்லாம் அந்தக் காலில் ஒரு தட்டுத் தட்டுவேன். என் கையைப் பார்த்தால் காதை மடக்கிக்கொண்டு தரையோடு ஒட்டிப் படுக்கும். அது குற்றம் செய்த மனசு என்று எடுத்துக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு நாளில் இடது கண்ணுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. கூட்டின் கயிறு உரசி வந்தது என்று மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். பூசிவிட்டு, கூட்டை மறுபடி மாட்டினேன்.

பதினெட்டாம் நாள் மதுரையிலிருந்து ஒரு மாட்டு டாக்டர் கம்பவுண்டரோடு வந்தார். மீதி இருக்கிற மாட்டுக்காவது வெக்கைக்கு ஊசி போட வேண்டும் என்று தெருத் தெருவாக வந்தவர். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, அதிகம் பேசாத மனுஷர். எங்கள் பசுவுக்கும் மிஞ்சிய காளைக்கும் போட்டுவிட்டுக் கை கழுவும்போது தூணைப் பார்த்தார்.

"அது என்ன, நாய்க்குக் கூடு? கடிக்குமா?"

"கடிக்காதுங்க. செத்த மாட்டத் திங்கிது" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் கிட்டே போய்க் குந்தி உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தை விரலால் தொட்டார். செவலை ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "தலையப் பிடிங்க" என்றார். என் வீட்டுக்காரர் பிடித்தார். டாக்டர் கூட்டை அவிழ்த்து, உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் இங்கே வந்து பாருங்க."

நான் போய்ப் பார்த்தேன். பல் என்று சொல்ல அங்கே எதுவும் தெரியவில்லை. சுண்ணாம்புக் காரை பூசியதுபோல, மஞ்சளும் பழுப்புமாகக் கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. ஈறு கோவைப்பழமாகச் சிவந்து உப்பியிருந்தது. டாக்டர் விரலால் அழுத்தியதும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் சீழ் வந்தது, பின்னாலேயே ரத்தமும் வந்தது.

"இது பிணம் தின்ன வாயா?" என்றார் டாக்டர். "இந்த வாயால ஒரு இட்டிலியக்கூடக் கடிக்க முடியாது. எலும்பையும் தோலையும் எங்கேருந்து கிழிக்கும்?"

"அப்ப ரெத்தம்?" என்று அத்தை கேட்டார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஈறுலேருந்து வடிஞ்சது. அதோட சொந்த ரத்தம்மா."

அப்புறம் அவர் பொறுமையாகத்தான் சொன்னார். சோற்றுப் பசை பல்லில் ஒட்டுகிறதாம். அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியேறுகிறதாம். துடைக்காமல் விட்டால் நாளாக நாளாக அது கல்லாக இறுகி, ஈறுக்கு அடியில் புகுந்து, பல் நிற்கிற எலும்பையே அரித்துவிடுமாம். அந்த அழுகல்தான் நாறுகிறது என்றார். கண்ணுக்குக் கீழே இருக்கிற வீக்கமும் மேல்பல்லின் வேரில் வைத்த சீழ்தான் என்றார். ஒரு வருஷம் இரண்டு வருஷத்தில் வந்ததில்லை, ரொம்ப நாளாக வலித்திருக்கும் என்றார்.

"என்ன குடுத்து வளத்தீங்க?"

"கொழைஞ்ச சோறு. வெல்லம்" என்றேன். "எலும்பு குடுக்கிறதில்ல. நாங்க சைவம்."

அவர் செவலையின் உதட்டை இறக்கிவிட்டார். "கடிச்சுச் சுரண்டுறதுதாம்மா நாய்க்குப் பல் விளக்குறது. எதையாச்சும் கடிக்க விட்டிருந்தா இம்புட்டுக்கு வந்திருக்காது" என்றார்.

அத்தை அவசரமாக, "கரும்பு குடுக்கலாமாய்யா? கரும்பு சைவந்தானே?" என்றார்.

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "கடிக்கப் பல்லு வேணுமேம்மா" என்றார்.

அங்கேயே அவர் ஆடுகிற பற்களை எடுத்தார். குறடுகூட அதிகம் தேவைப்படவில்லை, பாதி விரலோடேயே வந்தன. பதினொரு பல். கம்பவுண்டர் அவற்றை ஒரு பூவரச இலையில் வைத்தார். கண்ணுக்குக் கீழே இருந்த சீழும் இறங்கிற்று. வாயைக் கழுவிவிட்டு எழுந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தக் கூடு எத்தனை நாளா இருக்கு?"

என் வீட்டுக்காரர் கீழே பார்த்தார்.

"பதினெட்டு நாளா. நாந்தான் கட்டுனேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தினமும் உப்பும் படிகாரமும் கரைத்த வெந்நீரில் துணியை நனைத்து ஈறைத் துடைக்கச் சொன்னார். அந்த விஷம் ரத்தத்தில் கலந்திருந்தால் உள்ளே மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய், இருதயம் எல்லாம் கெட்டிருக்கும், பார்க்கலாம் என்றார். அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

இப்போது என் வாயில் நாலு பல்தான் மிச்சம். மற்றதெல்லாம் ஈறு வீங்கித்தான் ஒன்றொன்றாகப் போயின. ஒவ்வொரு தடவையும் வலி காதுவரைக்கும் ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும். வாயைத் திறக்க முடியாது, மூடவும் முடியாது. மனுஷி நான், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு புலம்பினேன். கிராம்பு வாங்கி வரச் சொன்னேன். செவலை அந்த வலியோடு வாயைக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு கிடந்ததை ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் துணியும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு போனேன். சங்கிலியை அவிழ்த்தாகிவிட்டது. என் கை அதன் முகத்துக்கு நேரே வந்ததும் செவலை வண்டிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. குனிந்து கூப்பிட்டேன். வெல்லம் காட்டினேன். வண்டிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. பல்லைக் காட்டி உறுமியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அப்படி ஒன்றும் செய்யவில்லை.

அரை நாழிகை பார்த்துவிட்டு அத்தை வந்தார். "குடு இங்கிட்டு" என்று துணியை வாங்கிக்கொண்டார். ஆறு வருஷமாக அந்த நாயைத் தொடாதவர். மண்ணில் உட்கார்ந்து, "வாடா, வா. கெழவிதான். வா" என்றார். அது ஊர்ந்து வந்தது. அவர் மடியில் தாடையை வைத்தது. உதட்டைத் தூக்கித் துடைக்கத் துடைக்கக் கண்ணை மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து வாய் துடைப்பது அத்தை வேலை. கஞ்சி காய்ச்சுவது நான், வைப்பது அத்தை. நான் வைத்தால் தொடாது. நான் வட்டிலை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் மறைந்து நின்றாலும் அதற்குத் தெரிந்துவிடும். வாசலில் நான் உட்கார்ந்திருந்தால் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போகும். மேலூர் தாண்டி, மதுரை தாண்டி, காலில் ரத்தம் கசிய என் வண்டிக்குப் பின்னால் வந்த நாய் அது.

அத்தை ஊர் முழுக்கச் சொன்னார். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், களத்துமேட்டில், கோயிலில். "எங்க நாயி கவுச்சி தொடல. டாக்டரே சொல்லிட்டாரு. நாந்தான் அநியாயமாப் பழி போட்டேன். மருமக வீட்டு வளப்பு அப்பேர்ப்பட்ட வளப்பு" என்று நான் நிற்கும்போதே சொன்னார். நான் எதற்காக அந்த முடிச்சைப் போட்டேனோ அது எனக்குக் கிடைத்துவிட்டது. கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

சித்திரையில் கொஞ்சம் சதை போட்டது. பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. குடித்ததைக் கக்கும். முதுகெலும்பு தெரிய இளைத்தது. டாக்டர் சொன்னாரே, உள்ளே போன விஷம், அதுதான் என்றார் என் வீட்டுக்காரர். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று வண்டியைக் கட்டினோம். தூக்கப் போனால் தாங்காமல் அழுதது, அப்படியே இறக்கிவிட்டோம்.

ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல். நான் நெல் புடைத்துக்கொண்டிருந்தேன். தொழுவத்திலிருந்து அத்தை கூப்பிட்டார்.

"ஏத்தா, வா. அதுக்குத் தலையெடுக்க முடியல. இனிமே எங்க எந்திரிச்சு ஓடப்போகுது? இப்ப வந்து தொடு."

முறத்தை வைத்துவிட்டுப் போனேன். வைக்கோல்மேல் செவலை படுத்திருந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. கண் பாதி திறந்திருந்தது. நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மெதுவாக அதன் கன்னத்தில் வைத்தேன். அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. அவ்வளவு தெம்பு அதற்கு இன்னும் இருந்தது.